பயணத்தின் மறுநாள் எழ முடியாமல் போனது ஏன்? முடக்குவாதம் உள்ள ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மூட்டுவலி உள்ளவர்களிடம் பயணப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாக. "எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டியிருக்கும்?" என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். இயன்முறை சிகிச்சையில் இருக்கும் எனக்கு இதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு ஒன்றை இங்கே எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது 61, பெண், பணி ஓய்வு பெற்றவர். 11 ஆண்டுகளாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம், அதாவது உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய். முதலில் பாதிக்கப்பட்டவை இரண்டு மணிக்கட்டுகளும் விரல் கணுக்களும். வலது முழங்காலில் பிற்பாடு தேய்மானமும் சேர்ந்துகொண்டது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், அதோடு ஃபோலிக் அமிலம், இரண்டு வாரத்துக்கு ஒரு அடலிமுமாப் ஊசி, தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரை. மெத்தோட்ரெக்சேட்டும் அடலிமுமாப்பும் நோய் எதிர்ப்பாற்றலைத் தணித்து அழற்சியைக் குறைப்பவை. வலி அதிகமானால் மட்டும் வலி மாத்திரை. நோய் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. காலையில் எழுந்ததும் கை, கால் இறுக்கம் சுமார் ஒன்றரை மணி நேரம் இருக்கும். வெந்நீரில் குளித்தால் கொஞ்சம் சீக்கிரம் விடும். அதன்பிறகு வீட்டு வேலை, கடை, அரை மணி நேர நடை எல்லாம் முடிந்தது.

முதல் பயணம்

மகள் வீட்டுக்கு விமானத்தில் போனார். இடையில் ஒரு விமானம் மாற வேண்டும். வீட்டு வாசலில் இருந்து மகள் வீட்டு வாசல் வரை 14 மணி நேரம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை கட்டிலை விட்டு எழ முடியவில்லை. வலது முழங்கால் வீங்கியிருந்தது, மணிக்கட்டுகள் சூடாக இருந்தன, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் வலது கெண்டைக்காலும் வீங்க, மகள் பயந்துபோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

பயந்தது சரிதான். நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வறிக்கை சொல்கிறது. ஆரோக்கியமானவருக்கு அப்போதும் அது மிகச் சிறிய வாய்ப்புதான். ஆனால் முடக்குவாதம் இருந்தால் பயணம் போகாவிட்டாலும் அந்த வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்த உறைவு இல்லை. முழங்காலின் பின்பக்கம் பேக்கர் நீர்க்கட்டி இருந்தது. மூட்டுக்குள் சேர்ந்த நீர் பின்பக்கமாகப் பிதுங்கி, கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் இதுவும் ரத்த உறைவும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேன் இல்லாமல் பிரித்துச் சொல்ல முயல்வது ஆபத்து.

மகள் வீட்டில் இருந்த நாட்களில் பாதி படுக்கையில் போனது. ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து சொன்ன முதல் வாக்கியம்: "இனிமே நான் எங்கேயும் போறதா இல்ல. பொண்ணு வேணும்னா வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

என்ன நடந்தது என்று தேடியது

வலி எங்கே, எப்படி என்று கேட்பதை ஒத்திவைத்துவிட்டு, அந்த 14 மணி நேரத்தை மணிக்கணக்காகச் சொல்லச் சொன்னேன். மகளும் தொலைபேசியில் சேர்ந்துகொண்டார். ஒரு தாளில் நேரம், செய்தது, உடல் இருந்த நிலை என்று மூன்று பத்தியாக எழுதினோம்.

எழுதி முடித்தபோது அவருக்கே ஆச்சரியம். நடந்த நேரம் மொத்தம் ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை. வரிசையில் நின்றது அதைவிட அதிகம். மீதி பெரும்பாலும் உட்கார்ந்தே கழிந்தது. ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "அவங்களை எழுப்பச் சங்கடமா இருந்துச்சு" என்றார். கழிவறைக்குப் போக வேண்டாம் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. இரண்டு விமானங்களிலும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் எழுந்திருக்கிறார்.

மூட்டுக் குருத்தெலும்புக்கு என்று தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளே இருக்கும் திரவம் அழுந்தி விரிவதில்தான் அதற்கு ஊட்டம் போகிறது. அழற்சி உள்ள மூட்டில் கூடுதல் நீர் வேறு சேரும். நீர் கோத்த முழங்காலுக்குள் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது காலைச் சற்றே மடக்கி, ஏறத்தாழ 30 டிகிரியில் வைத்திருக்கும்போது. நெருக்கமான இருக்கையில் முழங்கால் 90 டிகிரியில் மாட்டிக்கொள்கிறது. உள்ளழுத்தம் கூடும்போது மூட்டு நீர் பின்பக்கம் வழி தேடுகிறது. இவருடைய நீர்க்கட்டி அந்த ஒரு நாளில் உண்டானது என்று சொல்ல மாட்டேன். முன்பே இருந்து, அன்று பெரிதாகியிருக்கலாம்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம்தான் காரணம் என்று உறவினர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமான மலையில் இருப்பதற்குச் சமம் என்பது உண்மை. ஆனால் இவருக்கு அதற்கு முந்தைய ஆண்டு ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்திலும் இதே முழங்கால், இதே மாதிரி, கொஞ்சம் குறைவாக வீங்கியிருந்தது. பேருந்து பறக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மடங்கிய கால்தான்.

நேரம் பற்றிய பத்தியில் இன்னொன்று கிடைத்தது. முதல் விமானம் காலை 6 மணிக்கு. அதற்காக இரவு 2 மணிக்கு எழுந்திருக்கிறார். முடக்குவாதத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போவது விடியற்காலையில்தான். காலை இறுக்கத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். உடம்பு இளகுவதற்கு முன்பே, அரைத் தூக்கத்தில், பெட்டியை இழுத்து, வரிசையில் நின்று, காலணியைக் கழற்றி மாட்டி, கைப்பையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார். அன்றைக்குக் கைகள் செய்த கடினமான வேலை எல்லாம் அவை மிக மோசமாக இருக்கும் நேரத்தில் செய்தவை.

மூன்றாவது, மருந்து. எல்லா மாத்திரைகளும் சரக்கில் போட்ட பெட்டிக்குள் இருந்தன. அன்றைய ஸ்டீராய்டு மாத்திரையைப் பெட்டி கைக்கு வந்த பிறகு இரவில்தான் போட்டிருக்கிறார். வலி மாத்திரையும் கையில் இல்லை.

சக்கர நாற்காலி உதவியை மகள் பதிவு செய்தே வைத்திருந்தார். இவர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். "எனக்குத்தான் நடக்க முடியுதே!"

மருத்துவரின் பங்கு

இதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் பலன் முழுக்க எங்கள் திட்டத்துக்குப் போய்விடும். வாதநோய் மருத்துவர் முழங்காலில் இருந்த நீரை எடுத்து, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். மெத்தோட்ரெக்சேட் அளவையும் கொஞ்சம் கூட்டினார். அடுத்த பயணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த இடைவெளியில் தொடை முன்தசைக்கும் இடுப்புத் தசைக்கும் என்னிடம் பயிற்சி. கைக்கு, இரவில் மட்டும் போடும் மணிக்கட்டுத் தாங்கி.

இரண்டாம் பயணத்துக்கான திட்டம்

விமானத்தை முற்பகல் 11 மணிக்கு மாற்றினோம். காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வெந்நீரில் குளித்து, கைகளை இளக்கி, அப்புறம் கிளம்பினால் போதும். போய்ச் சேரும் மறுநாள் எந்த வேலையும், எந்த விருந்தாளியும் கிடையாது என்று மகளிடம் உறுதி வாங்கினோம். என்னைக் கேட்டால், இருக்கை, தலையணை, காலுறை எல்லாவற்றையும்விட இந்த நேர மாற்றம்தான் பெரியது. ஆனால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கழுத்துத் தலையணை எந்த மாதிரி வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள்.

இருக்கை நடைபாதை ஓரம். அதிலும் எந்தப் பக்கம் என்பது முக்கியம். இவருக்கு வலிப்பது வலது முழங்கால். நடைபாதை தன் வலது கைப் பக்கம் வந்தால்தான் அந்தக் காலை அவ்வப்போது வெளியே நீட்ட முடியும். ஆகவே விமானத்தின் இடது பகுதியில் இருக்கும் நடைபாதை இருக்கை. வண்டி தள்ளிக்கொண்டு வருபவர்கள் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கழிவறைக்குப் பக்கமாகவும் கேட்டு வாங்கினோம்; தண்ணீர் குடிக்காமல் இருக்க இனிச் சாக்கு இல்லை. கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும், வலி மாத்திரை போடுகிறவர் தண்ணீரையும் குறைத்தால் அது சிறுநீரகத்துக்குச் சுமை.

முன்வரிசை இருக்கை கேட்கலாமா என்று மகள் யோசித்தார். இடம் தாராளமாகத் தெரியும், ஆனால் எதிரே சுவர் இருப்பதால் காலை முழுதாக நீட்ட முடியாது. பல விமானங்களில் அந்த வரிசையின் கைப்பிடிகள் மேலே தூக்கவும் வராது. அவசர வழி வரிசையில், அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களைத்தான் உட்கார விடுவார்கள், ஆகவே அது இவருக்கு இல்லை. சாதாரண நடைபாதை இருக்கையிலேயே ஒரு வசதி உண்டு: ஓரக் கைப்பிடியின் அடியில், கீலுக்குப் பக்கத்தில், பல விமானங்களில் சிறிய விசை ஒன்று ஒளிந்திருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே போகும், பக்கவாட்டில் திரும்பி எழுந்துகொள்ளலாம். விமானப் பணியாளரிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

எழுந்திருக்கும் முறையை என் அறையில் நாற்காலியை வைத்துத் திரும்பத் திரும்பப் பழகினோம். முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். முன்னால் குனிந்து, முன்கை முழுவதையும் கைப்பிடியில் அழுத்தி எழ வேண்டும். இவர் விரல்களை மடக்கி, கை முட்டியை ஊன்றி எழுவார். முடக்குவாதத்தில் விரல் கணுக்கள் ஒருபக்கமாகச் சாய்வதை அது ஊக்குவிக்கும். இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் அதிக நாள் பிடித்தது.

கைபேசியில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்வு வைத்தோம். ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும், மறுமுறை உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரல்நுனியையும் மாறி மாறித் தூக்கி, முழங்காலை நீட்டி, தொடையை இறுக்கித் தளர்த்த வேண்டும். இடையில் காலடியில் ஒரு சிறு பை, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய சால்வை.

அழுத்தக் காலுறை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்தார். காலில் ரத்த ஓட்டக் குறைவு இருந்தால் அது கெடுதல், ஆகவே முதலில் நாடி பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே நிற்கும் வகை. மேல் விளிம்பு நீர்க்கட்டி இருந்த இடத்தில் பதியாதபடி அளவெடுத்தது. இதை மாட்டுவதுதான் பெரும்பாடு. விரலில் பலம் இல்லாதவர் இறுக்கமான காலுறையை எப்படி இழுப்பார்? பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் தடவித் தடவி மேலே ஏற்றினால் வந்துவிடுகிறது. அவர் இப்போது அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

பெட்டி மாறியது. இரண்டு சக்கரப் பெட்டியைப் பின்னால் இழுக்கும்போது தோள் முறுகி, எடை முழுவதும் விரல்களில் தொங்கும். நான்கு சக்கரப் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி உள்ளங்கையால் தள்ளினால் போதும். கைப்பிடியில் ஒரு தடித்த ஸ்பாஞ்சு குழாயைச் சுற்றினோம். பிடி எவ்வளவு தடிமனோ அவ்வளவு குறைவாக விரல் மடங்கும். தோள்பை போய், முதுகில் மாட்டும் சிறு பை வந்தது.

சக்கர நாற்காலி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் நல்ல வாக்குவாதம். விமான நிறுவனங்கள் இதை வகைப்படுத்தித்தான் வைத்திருக்கின்றன: படி ஏறலாம், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்பவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்.; படியும் ஏற முடியாதவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்.; அறவே நடக்க முடியாதவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.சி. முதல் வகையே இவரைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். "நடக்க முடியும் என்று காட்ட விமான நிலையம்தானா கிடைத்தது? அந்த நடையைப் பேத்தியோடு நடங்கள்" என்றேன். பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் வந்து, பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

மடக்கும் கைத்தடி ஒன்றும் சேர்த்தோம். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். உயரம், கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். பலர் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானி பொருத்தி எடுத்து 2010-இல் வெளியான கணக்கில், சமதள நடையில் முழங்காலில் விழும் விசை உடல் எடையைப் போல 2.6 மடங்கு, படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. மின்தூக்கி ஒரு வழிக்குத்தான் கிடைக்கும் என்றால் அதை இறங்குவதற்கு வைத்துக்கொள்வது நல்லது. தடியால் இன்னொரு பலனும் உண்டு. முடக்குவாதம் வெளியே தெரியாத நோய்; தடியைப் பார்த்தால் ஆட்கள் வழிவிடுகிறார்கள்.

மருந்துகள் எல்லாம் கைப்பையில், அவற்றின் சொந்த அட்டைகளோடு, பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு. ஸ்டீராய்டு மாத்திரை தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதல். நீண்ட நாள் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசோல் என்னும் ஹார்மோன் கைகொடுக்காமல் போகலாம். மெத்தோட்ரெக்சேட் எந்தக் கிழமையோ அதே கிழமை. நேர மண்டலம் மாறும் குழப்பத்தில் அதைத் தினமும் போட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து, ஆகவே மாத்திரை அட்டையிலேயே கிழமையைப் பெரிதாக எழுதச் சொன்னேன். அடலிமுமாப் ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் 25 டிகிரிக்குள் 14 நாள் வரை தாங்கும் என்பது அந்த மருந்தின் பொதுவான குறிப்பு, அவரவர் வாங்கும் தயாரிப்பின் தாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்துவிட்டால், உருகினாலும் பயன்படாது. அதனால்தான் சரக்கறையில் போடக் கூடாது, பனிக்கட்டிப் பொதியோடு நேராக ஒட்டியும் வைக்கக் கூடாது. இடையில் ஒரு துண்டு.

இவருக்குத் தேவைப்படவில்லை என்றாலும், இந்த மருந்துகள் எடுப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் போன்றவற்றுக்கான உயிருள்ள (வீரியம் குறைத்த கிருமி கொண்ட) தடுப்பூசி கேட்கும் நாடுகளுக்குப் போவதாக இருந்தால் பயணச்சீட்டுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மகள் வீட்டிலும் சில மாற்றங்கள்: தாழ்வான சோபாவில் கெட்டியான மெத்தை, கழிவறை இருக்கைக்கு உயரக்கூட்டி, குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

என்ன ஆனது

போன பயணம் நன்றாக இருந்தது. மறுநாள் காலை இறுக்கம் வழக்கமான ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம்; முழங்கால் வலித்தது, வீங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குப் போயிருக்கிறார்.

திரும்பி வந்தது அப்படி இல்லை. விமானம் மாறுவதற்காக இறங்கியபோது சக்கர நாற்காலி வரத் தாமதம். வாசலிலேயே வெகுநேரம் நின்றிருக்கிறார். அடுத்த விமானத்தில் ஏறும்போது பின்னால் இருந்தவர்கள் நெருக்க, அவசரத்தில் கைப்பையைத் தானே தலைக்கு மேலே தூக்கி வைத்தார். முழங்கால் தப்பித்தது, வலது மணிக்கட்டு நான்கு நாள் வீங்கிக் கிடந்தது. ஒத்தடமும் தாங்கியும் போட்டு அது அடங்கியது.

சில கருத்துகள்

ஒரே ஒருவரின் கதை இது. மூட்டுக்குள் போட்ட ஊசி, கூட்டிய மருந்து, நான்கு மாதப் பயிற்சி, நேர மாற்றம், இருக்கை என்று எல்லாம் சேர்ந்தே மாறின. எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க வழியில்லை. ஆனால் திரும்பும் வழியில் முழங்காலும் மணிக்கட்டும் வேறுவேறாக நடந்துகொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. திட்டம் கடைப்பிடிக்கப்பட்ட மூட்டு தாங்கியது, மீறப்பட்ட மூட்டு வீங்கியது.

பயணத்துக்கு முன் உறவினர்கள் வாங்கித் தந்த செம்புக் காப்பையும் காந்தப் பட்டையையும் அவர் போட்டுக்கொண்டுதான் போனார். முடக்குவாத நோயாளிகளிடம் இவற்றைச் சோதித்த 2013 ஆய்வில் போலியைவிட மேலான பலன் எதுவும் தெரியவில்லை. தொந்தரவும் இல்லை என்பதால் நான் தடுக்கவில்லை. பரிசோதனை வாயிலில் கழற்றி மாட்டும் வேலை மட்டும் மிச்சம்.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிய நேரங்களும் உண்டு. அடலிமுமாப் போன்ற மருந்தில் இருப்பவருக்கு ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை. பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்கக் கூடாது.

அடுத்த முறைக்குக் கைப்பையைப் பிரித்துவிட முடிவு செய்திருக்கிறோம்: மருந்தும் சால்வையும் மட்டும் முதுகுப் பையில், அது எதிர் இருக்கையின் அடியில், மீதி எல்லாம் சரக்கில், தலைக்கு மேலே தூக்க எதுவும் கிடையாது. இதற்கிடையே முழங்கால் மாற்று அறுவை பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசத் தொடங்கியிருக்கிறார். அது முடிவானால் நீண்ட விமானப் பயணத்துக்குப் பல வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும், உலோக மூட்டு பரிசோதனை வாயிலில் ஒலியெழுப்பலாம் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த பயணத் தேதியை மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். விமானம் முற்பகலில்தான் வேண்டும் என்று இப்போது அவரே கேட்கிறார்.